ஊர் அறக்கட்டளைப் பணம்: இந்த வருஷமும் நோட்டும் பொன்னாடையும்தானா?

மேலமாடவீதி எழுதியது:

திருநெல்வேலி மாவட்டம், சேரன்மகாதேவிப் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம், எங்கள் கமிட்டியில் பாதிப் பேர் இந்த இணைய மன்றத்துக்கு வந்து படிக்கிறவர்கள்தான். ஊர் அறக்கட்டளையில் நான் துணைப் பொருளாளர். சென்னை, பெங்களூர், வளைகுடா என்று வெளியே போனவர்களும், ஊரில் கடை வைத்திருப்பவர்களும் கொடுக்கும் சந்தாதான் வரவு. வருஷத்துக்கு நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே சேரும்.

ஆகஸ்டில் விழா. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் முதல் மூன்று இடம் வந்தவர்களுக்குக் கேடயமும் கவரும். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் நோட்டு, அட்டையில் தலைவர் படம். மண்டப வாடகை, மைக் செட், பிளக்ஸ், மதியச் சாப்பாடு என்று பாதிப் பணம் அந்த ஒரு நாளிலேயே போய்விடும். மிச்சத்தைச் சுற்றுவட்டாரத்துச் சின்ன அமைப்புகளுக்குப் பிரிக்கிறோம். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பகல்நேரப் பள்ளி, ஒரு முதியோர் இல்லம், கபடிக் குழு, ஆற்றைச் சுத்தம் செய்யும் பையன்கள், மாலை நேர டியூஷன் சென்டர். ஆளுக்குப் பத்தாயிரம், அட்டையில் செய்த பெரிய செக், ஒரு போட்டோ.

அடுத்த மாதம் பொதுக்குழு. நான் ஒரு தீர்மானம் கொண்டுவரலாம் என்றிருக்கிறேன். விழாவைச் சுருக்குவது, பத்துப் பேருக்குக் கிள்ளிக் கொடுப்பதை விட்டு இரண்டு மூன்று அமைப்புகளுக்கு மூன்று வருஷம் தொடர்ந்து கொடுப்பது, பரிசுப் பணத்தைக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கு ஜூனிலேயே கொடுத்துவிடுவது. தலைவர் அண்ணாச்சி இப்போதே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பழைய_பேட்டை எழுதியது:

எண்ணம் நல்லதுதான் தம்பி. ஆனால் சந்தா எப்படி வருகிறது என்று யோசித்தீர்களா? தன் பேத்திக்கு மேடையில் பொன்னாடை விழுவதைப் பார்த்த தாத்தா மறு வருஷம் இரட்டிப்பாகக் கொடுப்பார். மைக்கில் பெயர் வாசிக்காவிட்டால் கடைக்காரர் கல்லாவைத் திறக்க மாட்டார். கொரோனா வருஷம் எங்கள் ஊரில் விழா நடக்கவில்லை. அந்த வருஷ வசூலைச் சொன்னால் வெட்கக்கேடு.

விழா வீண் செலவு என்று சொல்லிவிட்டு ரசீது புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கிப் பாருங்கள், சங்கதி தெரியும்.


சிறப்புப்பள்ளி எழுதியது:

நான் மேடையின் இந்தப் பக்கம் நின்று அட்டைச் செக் வாங்குகிற ஆள். நீங்கள் சொல்வது மாதிரியான ஒரு பகல்நேரப் பள்ளிதான் நடத்துகிறோம், உங்கள் தாலுகா இல்லை. அதனால் மனசில் பட்டதைச் சொல்லலாம்.

எங்கள் கட்டடத்தில் ஓடும் ஒவ்வொரு மின்விசிறியின் இறக்கையிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். டியூப் லைட்டில் பெயர், பீரோவில் பெயர், தண்ணீர் டிரம்மில் பெயர். கொடுத்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள், அதில் சந்தேகமே இல்லை. அந்த விசிறி சுற்ற வேண்டிய கரண்ட் பில்லில் பெயர் போட இடமில்லை என்பதால் அதைக் கட்ட ஆள் கிடைப்பதில்லை. சாப்பாடும் அப்படியே. நல்ல நாள் ஒன்றில் மூன்று பேர் பிறந்தநாள் சாப்பாடு கொண்டுவந்து இறக்குவார்கள். மறுநாள் ஆயா ரசத்துக்குப் புளி இருக்கிறதா என்று டப்பாவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

எங்களுக்கு உண்மையில் வேண்டியது வேனுக்கு டீசல், டிரைவர் சம்பளம், இரண்டு ஆயா, வாரத்தில் இரண்டு நாள் வரும் பிசியோதெரபிஸ்ட். வேன் நின்றால் பாதிப் பிள்ளைகள் வர மாட்டார்கள். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் அம்மா பதினான்கு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியுமா?

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். மூளை முடக்குவாதம். குதிகால் தரையில் படாது, நுனிக்காலில்தான் நிற்பான். தெரபிஸ்ட் கெண்டைக்காலை நீட்டி நீட்டிப் பயிற்சி கொடுத்து, காலிபர் என்கிற தாங்கியைக் காலில் போட்டு, பாதம் முழுவதும் தரையில் படுகிற மாதிரி கொண்டுவந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வகுப்பறையிலிருந்து சாப்பாட்டுக்கூடம் வரைக்கும் தானே நடந்து வருவான். ஒரு வருஷம் நவம்பரில் பணம் தட்டிப்போனது, தெரபிஸ்ட்டை நிறுத்தினோம். பிப்ரவரியில் மறுபடி அவர் வந்தபோது குதிகால் பழையபடி மேலே ஏறியிருந்தது. தசை இறுகிவிட்டது. காலிபர் காலுக்குள் போகவில்லை. அவனும் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

ஆகஸ்ட் பத்தாயிரத்துக்கு நான் நன்றி சொல்வேன், அது கடமை. ஆனால் அடுத்த ஆகஸ்டில் வருமா என்று தெரியாத பணத்தை நம்பி யாரையும் வேலைக்கு எடுக்க முடியாது. அதனால் அதைக் கொண்டுபோய் இன்னொரு பீரோதான் வாங்குவோம். உங்கள் மூன்று வருஷ யோசனையை விட்டுவிடாதீர்கள்.


முதல்தலைமுறை எழுதியது:

கேடயம் வாங்கியவன் என்கிற முறையில் ஒரு வார்த்தை. பிளஸ் டூவில் ஊரிலேயே இரண்டாவது. ஆகஸ்ட் விழாவில் ஐயாயிரம் ரூபாய் கவரும் கேடயமும் கொடுத்தார்கள். மே மாதம் ரிசல்ட் வந்ததற்கும் அந்தக் கவருக்கும் நடுவில்தான் எல்லாமே நடந்து முடிந்துவிட்டது. ஹாஸ்டல் முன்பணம், மெஸ் அட்வான்ஸ், லேப் கோட், பெட்ஷீட், வாளி வரைக்கும் அப்பா வட்டிக்கு வாங்கினார். கவர் கைக்கு வந்தபோது அது நேரே வட்டிக்காரர் வீட்டுக்குப் போனது.

அரசாங்கம் கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்கே வருகிறது. உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் 2024 டிசம்பரில் சேர்த்துவிட்டார்கள், அதைத் தொடங்கியதே நம் தூத்துக்குடியில்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் போனால் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. இதெல்லாம் கல்லூரிக்குள் நுழைந்து, பெயர் பதிந்து, ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்த பிறகு வருகிற பணம். நுழைவதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டியது வேறு. அந்த ஆறு வாரத்தைக் கடக்க முடியாமல் எங்கள் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய ஒருத்தி கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்விட்டாள். இப்போதும் அடுத்த வருஷம் படிக்கிறேன் என்றுதான் சொல்கிறாள்.


பெரியவர்_கல்லிடை எழுதியது:

புதிதாக எதையோ கண்டுபிடித்த மாதிரி பேசிக்கொள்கிறீர்கள். தென்மாவட்டத்தில் இது பழைய வழக்கம். வியாபாரிகள் வரவில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கி வைப்பார்கள். அந்தப் பணத்தில் பேட்டை, சத்திரம், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் நடந்தது. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்து, அதைத் திரட்டி ஒரு பள்ளியை நடத்தினார்கள். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். பிடியரிசி தினமும் வரும், அதனால் பள்ளிக்கூடம் தினமும் நடக்கும். மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது.

அதே காமராஜர் முதலமைச்சரான பிறகு 1956-இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். அன்றைக்கு எட்டயபுரம் திருநெல்வேலி ஜில்லா. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூட்டி மக்களிடமே கேட்டு வாங்கினார். அங்கேயும் மேடை உண்டு, கைத்தட்டல் உண்டு. வந்த பொருள் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று.

ஆகவே பேட்டைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விழா நடக்கட்டும், டீயும் மிக்சரும் போதும்.


பழைய_பேட்டை எழுதியது:

மிக்சரா? ஐயா, எங்கள் ஊரில் மட்டன் குழம்பு இல்லாவிட்டால் கூட்டமே வராது.


ஷார்ஜா_அண்ணாச்சி எழுதியது:

கொடுக்கிறவன் பக்கமும் யாராவது பேச வேண்டும் இல்லையா. எனக்குப் பெயரும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். கணக்கு வேண்டும். ஊர்ப் பக்கம் ஒரு இல்லத்துக்குச் சில வருஷம் பணம் அனுப்பினேன். லீவில் வந்தபோது போய்ப் பார்த்தால் கேட்டில் பூட்டு. பக்கத்து டீக்கடையில் கேட்டால் எப்போதோ காலி செய்துவிட்டார்கள் என்றார். ரசீது மட்டும் ஒழுங்காக வாட்சப்பில் வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு கோவிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்று வருஷம் தொடர்ந்து கொடுப்பது என்றால், நடுவில் யார் போய்ப் பார்ப்பது? என் தம்பி அமெரிக்காவில் குடியுரிமை வாங்கிவிட்டான். அவனும் அனுப்பத் தயார் என்கிறான். அதில் ஏதும் சிக்கல் உண்டா?


கணக்கர்_பாளை எழுதியது:

பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். மார்ச்சிலிருந்து அறக்கட்டளைக் கணக்குகளோடுதான் பொழுது போகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் மாறுகின்றன. எல்லோர் வாயிலும் பழைய எண்தான் வருகிறது என்பதால் அதிலேயே சொல்கிறேன்.

முதலில் அண்ணாச்சி கேட்டது. நீங்கள் ஷார்ஜாவில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறீர்கள். உங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. உங்கள் தம்பி அமெரிக்கக் குடிமகன். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாத ஊர் அறக்கட்டளை அதில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும், வாங்கிய அமைப்பு அதை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. உங்களை மாதிரி வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற அறக்கட்டளைக்கு அந்தப் பணம் ஒத்தே வராது. தம்பி அண்ணன் பெயருக்கு அனுப்பி அண்ணன் கொடுப்பது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

துணைப் பொருளாளருக்கு. உங்கள் அறக்கட்டளைக்கு வரிவிலக்குப் பதிவு இருந்தால் வருமானத்தில் 85 சதவீதமாவது அந்த வருஷமே அறப்பணிக்குச் செலவாக வேண்டும். அந்தச் செலவை, பதிவு பெற்ற இன்னொரு அறக்கட்டளைக்கு நன்கொடையாகக் கொடுத்துக் காட்டினால், 2023 நிதிச் சட்டத்துக்குப் பிறகு, கொடுத்ததில் 85 சதவீதம்தான் செலவாக ஏறும். ஒரு லட்சம் கொடுத்தால் கணக்கில் 85,000. மூலநிதிக்கு, அதாவது செலவழிக்காமல் முதலாக வைத்துக்கொள்ள என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் ஏறாது. அதே பணத்தில் பிசியோதெரபிஸ்ட் சம்பளத்தை நீங்களே நேரடியாக மாதாமாதம் கொடுத்தால் முழுதும் உங்கள் செலவு. பள்ளிக்கும் ஆள் கிடைக்கிறார், ஷார்ஜா அண்ணாச்சி கேட்ட கணக்கும் கையிலேயே இருக்கும். சம்பளம் போனதைக் காட்டும் வங்கிப் பதிவு ஒன்றை அவருக்கு அனுப்பினால் போதும்.

80ஜி ரசீது, அதாவது நன்கொடைக்கு வரிக் கழிவு வாங்கும் ரசீது கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. புது வரி முறைக்கு மாறியவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் கிடையாது. அறக்கட்டளை மே 31-க்குள் 10பிடி படிவத்தில் கொடுத்தவர் விவரம் ஏற்றினால்தான் அவருக்கு 10பிஇ சான்று வரும். விழா மேடையில் ரொக்கக் கட்டை நீட்டி போட்டோ எடுத்தவர்கள் ஜூலையில் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து சண்டை போடுவது வாடிக்கை.


சிறப்புப்பள்ளி எழுதியது:

கணக்கர் சார் சொன்ன நேரடிச் சம்பள யோசனை நல்லதுதான். ஒரு திருத்தம். தெரபிஸ்ட்டை அனுப்புவது நீங்களாக இருந்தாலும், எந்தப் பிள்ளைக்கு எந்த நாள், என்ன பயிற்சி என்பதைப் பள்ளி முடிவு செய்யட்டும். ஒரு கொடையாளர் ஆசிரியை ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தார். கொஞ்ச நாளில் அந்த ஆசிரியை வருகைப் பதிவேட்டை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஆள் கிடைப்பதைப் பற்றியும் யோசியுங்கள். நம் பக்கம் இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் போன நூற்றாண்டுக்கு முந்தியே வந்துவிட்டன. ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் ராமகிருஷ்ணன் தொடங்கினார். கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போனவர். தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அங்கே குழந்தைப் பருவத்திலேயே குறையைக் கண்டுபிடித்துப் பயிற்சி தொடங்குகிறார்கள், வீடு தேடியும் போகிறார்கள். அப்படிப் பழகிய ஆட்களை எங்களைப் போன்ற சின்ன இடத்தில் தக்க வைப்பது சம்பளம் ஒழுங்காக வருவதைப் பொறுத்ததுதான். ஜவுளிக்கடையில் நின்றால் தேதி தவறாமல் சம்பளம், எங்களிடம் "இந்த வாரம் தந்துவிடுகிறோம்மா".


வாத்தியாரம்மா எழுதியது:

வள்ளியூர்ப் பக்கம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முதல் மூன்று இடத்துக்குப் பரிசு என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பல வருஷ விழா நோட்டீஸ்களை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். அதே நாலைந்து வீட்டுப் பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். அப்பா வாத்தியார், அம்மா பேங்க், டியூஷன் தனி. அந்தப் பிள்ளைகளை மெச்ச வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடையில் கூப்பிட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள், பணம் எதற்கு?

பணம் போக வேண்டிய இடம் ஒன்று சொல்கிறேன், யாரும் திரும்பிப் பார்க்காதது. மே மாதம் ரிசல்ட் வந்த அன்று ஒரு பாடத்தில், இரண்டு பாடத்தில் தவறியவர்கள். ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு எழுதித் தேறிவிட்டால் அந்த வருஷமே மேற்படிப்பில் சேரலாம். நடுவில் இருப்பது சில வாரம்தான். அந்தச் சில வாரத்தில் பையன் வீட்டை விட்டு வெளியே வர மாட்டான், அப்பா திட்டிக்கொண்டே இருப்பார், அப்புறம் கேரளாவுக்குப் பெயின்ட் வேலை, இல்லாவிட்டால் பேக்கரி. ஊருக்கு ஒரு கணக்கு வாத்தியார், ஒரு இங்கிலீஷ் டீச்சரைப் பிடித்து, சமுதாய நலக்கூடத்தில் காலையும் மாலையும் உட்கார வைத்து, தேர்வுக் கட்டணத்தையும் கட்டிவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் தேறுவார்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன். முதல் நாள் வருகிறவன் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டுதான் இருப்பான். அவனைக் கரும்பலகைக்கு வரவைத்து ஒரு கணக்கைப் போட வைப்பதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும். போட்டுவிட்டான் என்றால் அப்புறம் அவனாக வருவான். உங்கள் மண்டப வாடகையை விடக் குறைந்த செலவு.

ஐடிஐ பிள்ளைகளையும் மறந்துவிடுகிறீர்கள். பேட்டை ஐடிஐயில் பிட்டர் படிக்கிறவனுக்கு எந்த ஊர் விழாவிலாவது பொன்னாடை விழுந்து பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், கோபப்படக் கூடாது. உங்கள் ஊர் அறக்கட்டளை என்கிறீர்களே, ஊரில் எல்லாத் தெருவுக்குமா?


மேலமாடவீதி எழுதியது:

டீச்சர், கேட்டது சரிதான். ஆவணத்தில் "ஊர் மாணவர்கள்" என்றுதான் இருக்கிறது. நடைமுறையில் நோட்டு எல்லாத் தெருவுக்கும் போகும். கேடயம், உதவித்தொகை எல்லாம் சந்தா கொடுத்த குடும்பங்களுக்குத்தான். சந்தா எந்தத் தெருவில் வசூலிக்கப் போகிறார்கள் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.


பழைய_பேட்டை எழுதியது:

ஒவ்வொரு சமுதாயமும் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறது. அதில் என்ன தப்பு? எங்கள் ஆட்கள் கொடுத்த பணம். சங்கம் வைத்துத்தான் எல்லோரும் முன்னுக்கு வந்திருக்கிறார்கள். பெரியவர் சொன்ன மகமையே அப்படித்தானே?


கணக்கர்_பாளை எழுதியது:

நியாய அநியாயத்தை டீச்சர் பார்த்துக்கொள்ளட்டும். சட்டத்தை மட்டும் சொல்கிறேன். 1962 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கிய அறக்கட்டளை ஒரு குறிப்பிட்ட சாதிக்காகவோ மதப் பிரிவுக்காகவோ இருந்தால் வருமான வரி விலக்கு கிடைக்காது. 80ஜி-யும் கிடைக்காது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் என்று பொதுவாக வைத்தால் அந்தத் தடை இல்லை. ஒரே ஒரு சாதி என்று எழுதினால் போச்சு. ஆவணத்தில் பொதுவாக எழுதிவிட்டுப் பயனாளிப் பட்டியலில் ஒரே தெரு இருந்தால், கேள்வி வருகிற அன்றைக்குப் பதில் சொல்வது கஷ்டம்.


வாத்தியாரம்மா எழுதியது:

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டி வரக்கூடாது, பள்ளிப் பெயரில் சாதி இருக்கக்கூடாது என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். கயிற்றைப் பள்ளி வாசலில் நாங்கள் கழற்றச் சொல்வோம். சாயங்காலம் அதே நிறத்தில் ஊரெல்லாம் விழா பிளக்ஸ். மேடையில் பரிசு வாங்குகிறவனுக்குப் பதினாறு வயது. எதற்காகத் தன்னைக் கூப்பிட்டார்கள் என்று அவனுக்குத் தெரியாதா?

தன் பிள்ளையைப் பார்ப்பது தப்பில்லை, பேட்டைக்காரரே. சங்கங்கள் பள்ளிக்கூடம் கட்டின, அதில் மற்றவர்களும் வந்து படித்தார்கள். அந்தப் பாதியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.


நெறியாளர் எழுதியது:

இந்த இடத்தில் சில பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஊர்ப் பெயரும் சாதிப் பெயரும் சொல்லித் திட்டுகிறவர்கள் வேறு இடம் பாருங்கள். அறக்கட்டளைப் பேச்சு தொடரட்டும்.


ஆத்தங்கரை எழுதியது:

ஆற்றைச் சுத்தம் செய்யும் பையன்கள் என்று முதல் பதிவில் வந்ததே, அந்த மாதிரிக் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி ஆற்றில் விடும் வேட்டி சேலையை வெளியே இழுத்திருக்கிறீர்களா? ஈரத்துணி மணலோடு சேர்ந்து கல்லில் சுற்றிக்கொள்ளும். ஒரு சேலையை உருவ இரண்டு பேர் வேண்டும். உருவினால் உள்ளே கண்ணாடி வளையல், உடைந்த சாமி படம்.

எங்களுக்குப் பெரிய பணம் தேவையில்லை. கெட்டியான கையுறை, சாக்கு, அள்ளியதை ஏற்றிப்போக டிராக்டர் வாடகை, காலை டிபன், காலில் கண்ணாடி குத்தினால் போட டெட்டனஸ் தடுப்பு டிடி ஊசி. நாங்கள் எங்கும் பதிவு செய்யவில்லை, செய்யவும் தோன்றவில்லை. பதிவு இல்லை என்பதால் எந்த அறக்கட்டளையும் காசோலை தராது. மேடைக்கு மட்டும் டீ-சர்ட் போட்டு வரச் சொல்லும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. இங்கே கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தண்ணீர். கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் படகோடு வந்து இறங்கினார்கள். எந்தத் தெருவில் படுக்கையில் கிடக்கும் பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார் என்று அவர்களுக்கு வழி சொன்னது தெருவிலேயே பழகிய இந்த மாதிரிப் பையன்களும் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற அக்காமாரும்தான். ஒரு வாரம் கழித்து லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. அதில் பாதியை நாங்களே மறுபடி அப்புறப்படுத்தினோம். வெள்ளம் வந்த பிறகு பணம் கொட்டும். வராத வருஷத்தில் அந்த அக்காவுக்குப் பஸ் காசு கொடுக்க யாரும் இல்லை.


ஷார்ஜா_அண்ணாச்சி எழுதியது:

ஆத்தங்கரை தம்பிக்கு டிராக்டர் வாடகையும் ஊசியும் நான் தருகிறேன். அறக்கட்டளை நேரடியாக டிராக்டர்காரருக்கே கொடுத்து பில் வாங்கிக்கொள்ளட்டும். கணக்கர் சொன்ன மாதிரி அது அறக்கட்டளையின் சொந்தச் செலவாகவே இருந்துவிட்டுப் போகட்டும், பதிவுப் பிரச்சினை வராது இல்லையா?


கணக்கர்_பாளை எழுதியது:

வராது அண்ணாச்சி. சுற்றுச்சூழலைப் பாதுகாப்பதும் வருமான வரிச் சட்டப்படி அறப்பணிதான். உங்கள் அறக்கட்டளை ஆவணத்தின் நோக்கங்களில் அந்த வரி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஆவணங்களில் கல்வி, மருத்துவம், ஏழைகளுக்கு உதவி என்பதோடு முடித்திருப்பார்கள்.


மேலமாடவீதி எழுதியது:

பார்த்துவிட்டேன். "பொதுநலப் பணிகள்" என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறது. போதுமா என்று எங்கள் ஆடிட்டரைக் கேட்கிறேன்.

நேற்று ராத்திரி தலைவர் அண்ணாச்சி வீட்டுக்கே போய்ப் பேசினேன். சிறப்புப்பள்ளி அக்கா எழுதிய அந்தப் பையன் விஷயத்தைப் போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிடே, விழாவை நிறுத்த முடியாது, ஆனா நோட்டு அட்டையில என் படம் வேண்டாம்" என்றார். நான் அதைக் கேட்கவே இல்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

தீர்மானத்தை இப்படி எழுதியிருக்கிறேன். விழா ஊர்ப் பள்ளி மைதானத்தில், மண்டபம் கிடையாது. மிச்சமாகிற தொகையில் பகல்நேரப் பள்ளிக்குப் பிசியோதெரபிஸ்ட் சம்பளம் மூன்று வருஷத்துக்கு, மாதம் ஐந்தாம் தேதிக்குள் வங்கி வழியாக. வேலை நேரத்தைப் பள்ளி முடிவு செய்யும், அறக்கட்டளை காலாண்டுக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கும். மே ரிசல்ட் வந்த வாரமே துணைத் தேர்வு வகுப்பு, எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும். கல்லூரி, ஐடிஐ சேர்க்கைக்கு ஜூனிலேயே உதவி, மார்க் பார்க்காமல் வீட்டு நிலைமை பார்த்து. முதியோர் இல்லத்துக்கும் கபடிக் குழுவுக்கும் இந்த வருஷம் பழைய தொகையே. அவர்களை ஒரேயடியாக விட மனசு வரவில்லை.


முதல்தலைமுறை எழுதியது:

வீட்டு நிலைமையை யார் பார்ப்பது அண்ணா? கமிட்டியில் இருக்கிற பெரியவர்கள் முன்னால் போய் எங்கள் வீட்டில் இல்லை என்று நின்று சொல்ல எந்தப் பிள்ளையும் வராது. நான் வந்திருக்க மாட்டேன்.


வாத்தியாரம்மா எழுதியது:

தம்பி சொல்வது முக்கியம். பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியருக்கு எல்லாம் தெரியும். யார் காலையில் சாப்பிடாமல் வருகிறான், யார் சனி ஞாயிறு வேலைக்குப் போகிறான் என்று. இரண்டு ஆசிரியர்களிடம் பட்டியல் கேளுங்கள், பிள்ளையின் பெயரை மேடையில் வாசிக்காதீர்கள். பணம் அம்மா கணக்குக்குப் போகட்டும். அப்பா கணக்கு வேண்டாம், காரணம் கேட்காதீர்கள்.


பழைய_பேட்டை எழுதியது:

எல்லாம் சரி. பெயர் வாசிக்காத விழாவுக்குக் கூட்டம் எப்படி வரும் என்று இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை. பள்ளி மைதானம் என்றால் ஆகஸ்டில் காற்று தூக்கிவிடும், பந்தல்காரரிடம் தகரம் போடச் சொல்லுங்கள். என் பங்குக்கு அந்தத் தெரபிஸ்ட் சம்பளத்தில் ஒரு மாதம் நான் தருகிறேன். ரசீதில் பெயர் இருந்தால் போதும், மைக்கில் வேண்டாம்.


சிறப்புப்பள்ளி எழுதியது:

பேட்டை அண்ணாச்சி, முடிந்தால் நவம்பர் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஜூன், ஜூலை என்றுதான் கேட்பார்கள். தீபாவளி போனஸ் கொடுத்து முடித்த பிறகு எந்தப் பள்ளியிலும் கையில் ஒன்றும் இருக்காது.